வாரம் ஒரு மணி, பத்துப் பலகை

(மும்பை கிங்ஸ் சர்க்கிளில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் மக்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உயர்நிலைப் பள்ளிகளில் சதுரங்கத்தை எப்படிப் பரப்புவது, எப்படி ஒழுங்காக நடத்துவது என்பதுதான் இன்றைய பொருள். பார்வைக்குச் சிறிய பொருள். பள்ளிக் கட்டணக் கவலை இருக்கிறது, பத்தாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது, வாடகை, வேலை, ரயில் என்று வீட்டுக் கவலைகள் வரிசையாக நிற்கின்றன. இதற்கு நடுவே அறுபத்துநான்கு கட்டத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டுமா என்று கேட்பவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். உங்களை மனத்தில் வைத்துத்தான் பேசப்போகிறேன். சதுரங்கத்தை ஏற்கெனவே நேசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது குறைவு.

இந்த ஊருக்கும் நம்மவர்களுக்கும் சதுரங்கத்தில் பழைய உறவு உண்டு. 1814ஆம் ஆண்டு இதே பம்பாயில் ஆங்கிலத்தில் ஒரு சதுரங்க நூல் அச்சானது. அதைத் தந்தவர் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி. பெயரைக் கேட்டாலே தெற்கின் வாடை அடிக்கும். சமஸ்கிருத மூலத்திலிருந்து எடுத்து, ஐரோப்பியர் ஆடும் முறைக்கு ஏற்ப மாற்றி, நெருக்கடியான நிலைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இங்கிருந்து எப்படி வெல்வாய் என்று கற்பவனைக் கேட்கும் புத்தகம் அது. சில ஆண்டுகளிலேயே லண்டனில் வில்லியம் லூயிஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் அதை அடிப்படையாக வைத்து ஒரு நூல் வெளியிட்டார். பம்பாயில் ரயில் ஓடத் தொடங்கியது 1853இல். ரயில் வருவதற்கு 39 ஆண்டு முன்பே சதுரங்கத்துக்கு இங்கே பாடப்புத்தகம் வந்துவிட்டது. புத்தகம் வந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பாடம் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டதா? வந்த இடங்களில் நின்றதா? இதுதான் என் கேள்வி.

12 டிசம்பர் 2024 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை வென்று, 18 வயதில் சென்னையின் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அன்று இரவு நம் தெருக்களில் எத்தனை பெருமை! ‘நம்ம பிள்ளைக்கு மூளை அப்படி’ என்று பேசிக்கொண்டோம். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் மூளை எல்லா ஊரிலும் இருக்கிறது. சென்னையில் மட்டும் அது ஏன் சதுரங்கமாக முளைத்தது? வரலாற்றைப் பாருங்கள். 1961இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அடுத்தவர் எப்போது வந்தார்? 17 ஆண்டு கழித்து, 1978இல், வி. ரவிகுமார். ஒரு மேதை தனியாக நின்றால் நாடு 17 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் ஆரோன் தனியாக நின்றுவிடவில்லை. 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் டால் சதுரங்கக் கழகம் தொடங்கியது. புத்தகம் இருந்தது, பலகை இருந்தது, மாலையில் போனால் எதிரே உட்கார ஆள் இருந்தது. சுசீலா என்ற ஒரு தாய் தன் மகனுக்குக் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்து, பிறகு அவனை அந்தக் கழகத்துக்கு அழைத்துப் போனார். 1988இல் அந்த விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே எழுந்து வந்தது. வீட்டில் தொடங்கிய ஆசையைத் தாங்கிப் பிடிக்க ஊரில் ஓர் இடம் இருந்தது. மாவட்டச் சங்கம் இருந்தது, நடுவர் இருந்தார், ஆண்டுதோறும் தவறாமல் நடந்த போட்டி இருந்தது. அமைப்பு இருந்தது!

அந்த அமைப்பைப் பள்ளிக்குள் கொண்டுவருவது பற்றித்தான் இனிப் பேச வேண்டும். இங்கே உடனே ஒரு பெயர் எழும்: வேலம்மாள். குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி என்று அந்தப் பள்ளிக்குழுமத்தில் படித்த கிராண்ட்மாஸ்டர்களின் பட்டியல் நீளம். மதிக்க வேண்டிய சாதனை. ஆனாலும் சொல்கிறேன், நம் பள்ளிகள் பார்த்து எழுத வேண்டிய மாதிரி அது ஆகாது. குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு வழக்கமாக வகுப்புக்குச் செல்வதை நிறுத்தியவர். அவருடன் ஊர் ஊராகப் போவதற்காக, மருத்துவரான அவர் தந்தை தம் தொழிலையே ஒதுக்கி வைத்தார். வீட்டுச் செலவைத் தாயின் சம்பளம் தாங்கியது. லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு, ஆயிரத்தில் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பாதை. தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அதைக் காட்டி ஆசை மூட்டுவது நியாயமா? நமக்கு வேண்டியது மீதிப் பிள்ளைகள் அனைவருக்குமான சதுரங்கம். அதற்கு எவ்வளவு வேண்டும்? வாரம் ஒரு மணி நேரம். பத்துப் பலகை. பெயர் சொல்லிக் கூப்பிடும் ஓர் ஆசிரியர். ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடும் ஒரு லீக். இவ்வளவுதான் என் கட்சி. இதற்கு எதிராக எழும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி பெற்றோருடையது: சதுரங்கம் ஆடினால் கணக்கில் மார்க் ஏறுமா? இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று உரக்கச் சொல்லித்தான் பல பயிற்சி மையங்கள் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. நான் அப்படிச் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிக்குச் சுமார் 30 மணி நேரம் சதுரங்க வகுப்பு நடத்தி, மறுபகுதியை வழக்கப்படி விட்டு, ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வின் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. இரு பகுதிக்கும் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு சாலா, கோபெட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஓரளவு பயன் தெரிகிறது, ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் நடத்தப்பட்ட முறை அந்தப் பயனை உறுதியாகச் சொல்லப் போதாது என்று எழுதினார்கள். ஆர்மீனியா 2011இல் சதுரங்கத்தைத் தொடக்க வகுப்புகளில் கட்டாயப் பாடமாகவே வைத்தது. அவர்கள் நாட்டுப் பெருமை அது, வைத்துக்கொள்ளட்டும். நாம் மட்டும் சதுரங்கத்தைக் கணக்குக்கு மருந்தாக விற்க வேண்டாம். விற்றால் என்ன ஆகும்? அரையாண்டுத் தேர்வில் மார்க் ஏறாத அன்றே பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். பொய்யான காரணத்துக்காகத் தொடங்கிய நல்ல காரியம் அந்தக் காரணத்தோடேயே செத்துப்போகும்.

அப்படியானால் எதற்காகச் சதுரங்கம்? ஒரே ஓர் ஆட்டத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். காய் நகர்த்தப் புதிதாகக் கற்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கறுப்போடு உட்கார்ந்திருக்கிறது. எதிரே வெள்ளை ராணி இரண்டாம் நகர்த்தலிலேயே பலகையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவதாக வெள்ளை மந்திரியும் வெளியே வருகிறது. நம் பிள்ளை ராணியைப் பார்க்கிறது, விரட்டிவிடலாம் என்று உற்சாகமாகக் குதிரையைத் தாவவிடுகிறது. நான்காவது நகர்த்தலில் ராணி விர்ரென்று இறங்கி, ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டி உட்காருகிறது. பின்னால் மந்திரியின் காவல். ராஜாவால் வெட்டவும் முடியாது, ஓடவும் முடியாது. ஆட்டம் முடிந்தது. சதுரங்கம் கற்கிற உலகத்துப் பிள்ளைகளில் பலர் இந்த நாலு நகர்த்தலில் ஒருமுறையாவது தோற்றிருப்பார்கள். இப்போதுதான் பாடம் தொடங்குகிறது. அந்தப் பிள்ளையிடம் ஒரு தாள் இருக்கிறது. தன் நகர்த்தலையும் எதிரியின் நகர்த்தலையும் அது எழுதி வைத்திருக்கிறது. ஆசிரியர் திட்டவில்லை. தாளைப் பார்த்து ஆட்டத்தைத் திரும்ப அடுக்கச் சொல்கிறார். மூன்றாம் நகர்த்தலில் கையை நிறுத்தச் சொல்கிறார். ‘மந்திரி இங்கே வந்தது எதற்காக என்று யோசித்தாயா? ராணியும் மந்திரியும் சேர்ந்து எந்தக் கட்டத்தைப் பார்க்கின்றன?’ பிள்ளை பார்க்கிறது. விரல் தானாகவே அந்தச் சிப்பாயின் மேல் போய் நிற்கிறது. 

இதைவிடத் தெளிவாகத் தன் பிழையைத் தானே பார்க்கும் வாய்ப்பு பள்ளியில் வேறெங்கே கிடைக்கிறது? பரீட்சைத் தாளில் சிவப்பு மை ஆசிரியருடையது. இங்கே தாளும் பிள்ளையுடையது, எழுத்தும் பிள்ளையுடையது, பிழையும் பிள்ளையுடையது. நடுவர் சதி செய்தார் என்று சொல்ல முடியாது, ஆடுகளம் சரியில்லை என்று சொல்ல முடியாது, கூட ஆடியவன் கேட்ச் விட்டான் என்று சொல்ல முடியாது. தொட்ட காயை ஆட வேண்டும் என்பது விதி. கையை நீட்டுவதற்கு முன் நினைக்க வேண்டும், நீட்டியபின் ஏற்க வேண்டும். தோற்றவர் வென்றவரிடம் கை கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில், எல்லாவற்றுக்கும் கோபம் வருகிற அந்த வயதில், வாரம் ஒருமுறை அமைதியாகத் தோற்றுப் பழகுவதும், ஏன் தோற்றேன் என்று எழுதிப் பார்ப்பதும் மார்க் பட்டியலில் ஏறாது. ஏறாவிட்டால் என்ன? மார்க் பட்டியலில் ஏறாத எத்தனையோ நல்லவற்றுக்காகத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்!

இந்தப் பகுதிக்கென்றே இன்னொரு காரணம் உண்டு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. தாராவியில் தமிழ்வழியில் படித்த பிள்ளை மேல்வகுப்புக்கு வரும்போது, பல வேளைகளில் ஆங்கிலவழிக்கோ வேறு மொழிவழிக்கோ மாற வேண்டியிருக்கிறது. நேற்றுவரை கையைத் தூக்கிப் பதில் சொன்ன பிள்ளை இன்று கடைசி பெஞ்சில் வாயடைத்துப் போகிறது. அறிவு போய்விட்டதா? இல்லை, மொழி இன்னும் வந்து சேரவில்லை. அந்த ஓரிரண்டு ஆண்டுகளில்தான் பிள்ளைகள் ‘நான் மக்கு’ என்று தங்களைப் பற்றி முடிவு கட்டிவிடுகிறார்கள், சிலர் படிப்பையே விட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டுகளில் பேச்சே தேவைப்படாத ஒரு மேசையை அவர்கள் முன் போடுங்கள். எதிரே மராத்திப் பிள்ளை உட்காரட்டும், உருதுப் பள்ளிப் பிள்ளை உட்காரட்டும், மாட்டுங்காவின் பெரிய ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை உட்காரட்டும். குதிரை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தாவும். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை இங்கே வென்றுவிட்டு எழுந்தால், மறுநாள் அதே வகுப்பில் அதைப் பார்க்கும் கண்கள் மாறும். சதுரங்கத்தை உயர்நிலை வகுப்புகளில் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்த கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நேரம் ஏது? நான் கேட்பது வாரம் ஒரு மணி நேரம். தேர்வுக் காலத்தில் அதுவும் வேண்டாம், பத்தாம் வகுப்பினரின் ஆட்டங்களைத் தீபாவளிக்குள் முடித்துக்கொள்ளலாம். மாநிலத் தேர்வு வாரியம் விளையாட்டில் குறிப்பிட்ட நிலையை எட்டியவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவதும், பள்ளி விளையாட்டுப் பட்டியலில் சதுரங்கம் இருப்பதும் பல பெற்றோருக்குத் தெரிந்ததே. ஆனால் அதை முதல் காரணமாக வைத்தால் எட்டாம் வகுப்போடு சலித்துப்போகும். ஐந்தாம் வகுப்பில் நூறு பேர் தொடங்கி, ஒன்பதாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணும்படி ஆவதுதான் நம் பள்ளிச் சதுரங்கத்தின் உண்மையான நோய். நேரம் கிடைக்கவில்லை என்பதைவிட, ஆடுவதற்கு ஒழுங்கான ஆட்டம் கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஆண்டுக்கு ஒருநாள் போட்டி, மற்ற நாளெல்லாம் பெட்டியில் பூட்டிய காய்கள் என்றால் யார் நிற்பார்கள்?

உடல் அசையாத விளையாட்டு ஒரு விளையாட்டா என்று கேட்பார்கள். ஓட்டத்துக்கும் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் சதுரங்கம் மாற்று என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் அதை எதிர்க்கும் முதல் ஆள் நான். மைதானத்தைக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பலகையைக் கொடுப்பது அநியாயம். மைதானமும் வேண்டும், பலகையும் வேண்டும். பணம் பிடிக்கும் ஆட்டம் என்பார்கள். ரேட்டிங் போட்டிகளின் நுழைவுக் கட்டணமும் தனிப் பயிற்சியின் கட்டணமும் ஏறிவிட்டது உண்மை. ஆகவேதான் பள்ளி லீக்கை அந்தச் சந்தையிலிருந்து பிரித்து, நுழைவுக் கட்டணமே இல்லாமல் நடத்த வேண்டும் என்கிறேன். சுருட்டி வைக்கும் வினைல் பலகையும் பிளாஸ்டிக் காயுமாகப் பத்து செட், ஒரு நல்ல இங்கிலீஷ் வில்லோ மட்டையின் விலைக்குள் வந்துவிடும், பத்து ஆண்டு உழைக்கும். போன் இருக்கிறதே என்பார்கள். போனில் ஆடட்டும். லிச்செஸ் போன்ற தளம் இலவசம், விளம்பரமும் கிடையாது, புதிர்ப் பயிற்சிக்கு ஆசிரியரே அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மூன்று நிமிட ஆட்டத்தில் தோற்றதும் அடுத்த ஆட்டத்தைத் தட்டுகிற விரலுக்கு, தோற்றதைத் திரும்பப் பார்க்கும் பொறுமை எங்கிருந்து வரும்? அதற்குத் தாள் வேண்டும், எதிரே ஒரு முகம் வேண்டும்.

இனிப் பெண்பிள்ளைகள். இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். நீடாமங்கலத்துக்கு அருகே பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் கொண்டிருக்கிறார். அந்தத் தலபுராணத்தில் யாராலும் வெல்ல முடியாத ஆட்டக்காரி ஓர் இளவரசி, அவளோடு ஆட இறைவனே வேடம் போட்டு வர வேண்டியிருந்தது. புராணம் கிடக்கட்டும், இந்த மும்பையைப் பாருங்கள். வசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி என்று காடில்கர் சகோதரிகள் மூவர். 1974இல் முதல் தேசிய மகளிர் போட்டியில் வசந்தி வென்றார். அதன்பின் பத்தாண்டு அந்தப் பட்டம் அந்த ஒரு வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. 1976இல் ரோகிணி ஆண்களின் தேசியப் போட்டியில் ஆட வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது, வழக்கு வரை போனது. பெண்களைத் தடுக்கக் கூடாது என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் மேக்ஸ் யூவே சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது ரோகிணிக்குப் பதின்மூன்று வயது, பள்ளி வயது! 2025 ஜூலையில் இதே மாநிலத்தின் நாக்பூரைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக், ஜார்ஜியாவின் பட்டூமியில் மகளிர் உலகக் கோப்பையை வென்றார். இத்தனைக்குப் பிறகும் நம் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு தாண்டியதும் பெண்பிள்ளைகள் சதுரங்கத்திலிருந்து காணாமல் போகிறார்கள் என்றால், திறமையைக் குறை சொல்லாதீர்கள். போட்டி நடக்கும் இடம் தூரம், முடியும் நேரம் இருட்டு, கூட வர ஆள் இல்லை. காரணம் இவைதான். ஆகவே லீக் ஆட்டங்கள் பள்ளி நேரத்திலேயே, பக்கத்துப் பகுதிகளிலேயே நடக்க வேண்டும். நால்வர் அணியில் இருவர் பெண்கள் என்று விதியே வைக்க வேண்டும்.

அமைப்பு இருந்தால் ஏழைப் பள்ளி என்ன செய்யும் என்பதற்கு நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு சான்று இருக்கிறது. ஐ.எஸ். 318 என்ற அரசு நடுநிலைப் பள்ளி அது. பெரும்பாலும் வறுமைக் கோட்டை ஒட்டிய குடும்பத்துப் பிள்ளைகள். அங்கே சதுரங்கம் பள்ளிப் பாடவேளைக்குள்ளேயே இருந்தது. எலிசபெத் ஸ்பீகல் என்ற ஆசிரியை பிள்ளைகளின் ஆட்டத்தாளை ஒவ்வொரு நகர்த்தலாக அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பார். 2012இல் அந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் தங்களைவிட மூத்த மாணவர்களின் தேசிய உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் ஆடி, பட்டத்தை வென்றார்கள். தமிழ்நாட்டிலும் 2013இல் ஏழு முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவருக்கு அரசே சதுரங்கத் திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால் அரசாணையால் பலகை வாங்கித் தர முடியும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கதவைத் திறந்து பலகையை விரிக்க ஓர் ஆசிரியர்தான் வேண்டும். அவர் பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. விதி தெரிந்து, தாளைப் பார்க்கத் தெரிந்து, தவறாமல் வருபவராக இருந்தால் போதும். அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய பாடவேளைக் கணக்கில் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். சேவை என்று சொல்லி அவர் தலையில் கட்டினால் ஓராண்டில் நின்றுவிடும்.

போட்டியை நடத்தும் முறையில் ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்கிறேன். பள்ளிகளில் வழக்கமாக நாக்அவுட் நடக்கிறது, சீக்கிரம் முடியும் என்பதால். 32 பிள்ளைகள் வந்தால் முதல் சுற்றிலேயே 16 பேர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். மொத்தம் நடப்பது 31 ஆட்டம். அதே 32 பேரை சுவிஸ் முறையில் ஐந்து சுற்று ஆடவிடுங்கள். வென்றவர் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் உட்காருவார்கள், யாரும் வெளியேற மாட்டார்கள். 80 ஆட்டம் நடக்கும். முதல் சுற்றில் தோற்ற பிள்ளை மூன்றாம் சுற்றில் தன் தரத்துக்கு ஒத்த ஒருவரை வென்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு போகும். அந்தப் பிள்ளைதான் அடுத்த வாரமும் வரும். பள்ளிகளுக்கு இடையே ஆடும்போது ஒலிம்பியாட் போல நான்கு பலகையில் ஆடும் அணி வையுங்கள். 2022இல் மாமல்லபுரத்தில் வெண்கலம் வென்ற இந்திய ‘பி’ அணியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் குகேஷ், பிரக்ஞானந்தா, அதிபன், கேரளத்தின் நிஹால் சரீன், நாக்பூரின் ரௌனக் சாத்வானி. நான்காம் பலகையில் எடுக்கும் புள்ளிக்கும் முதல் பலகையில் எடுக்கும் புள்ளிக்கும் ஒரே மதிப்பு. பள்ளியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், நான்காம் பலகைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமல் கோப்பையைத் தொட முடியாது.

மும்பை நகர மாவட்டத்தின் விளையாட்டு வளாகம் நம் தாராவியிலேயே, சயன் பாந்திரா லிங்க் சாலையில் இருக்கிறது. மாவட்டப் பள்ளிப் போட்டிகளுக்கான கதவு நம் தெருமுனையில். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மாட்டுங்காவும் தாராவியும் நகர மாவட்டம், செம்பூர் புறநகர் மாவட்டம். அரசுப் போட்டியில் இரண்டு பகுதிப் பிள்ளைகளும் மாவட்ட அளவைத் தாண்டினால்தான் சந்திப்பார்கள். இடையில் இருக்கும் தூரமோ சில கிலோமீட்டர். அந்த இடைவெளியை நம் லீக்தான் அடைக்க வேண்டும்.

ஜூன் நடுவில் பள்ளி திறக்கிறது. ஜூலை 20 உலகச் சதுரங்க நாள், 1924இல் பாரிஸில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தொடங்கப்பட்ட நாள். திறந்த ஐந்து வாரத்தில், அந்த நாளுக்குள், ஒவ்வொரு பள்ளியும் தனக்குள் ஒரு சுவிஸ் போட்டியை முடித்து நால்வர் அணியைத் தேர்ந்துவிட முடியும். ஆகஸ்டு முதல் இரு வாரத்துக்கு ஒரு சந்திப்பு, ஒருமுறை மாட்டுங்காவில், மறுமுறை தாராவியில், அடுத்தது செம்பூரில். எல்லாரும் ஆட்டத்தாளோடு வர வேண்டும், தாள் எழுதாத ஆட்டத்துக்குப் புள்ளி கிடையாது. இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்கள் அரங்கைவிட்டுப் போவதற்கு முன் இரண்டே விவரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்: சதுரங்கத்துக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியரின் பெயர், வாரத்தில் எந்த நாள் எந்த மணி. பலகை வாங்குவது பற்றி அதன்பிறகு பேசிக்கொள்ளலாம்.